பிரிண்டர் ஓடினால் நாலரை

இருதயராஜ் 1988இல் திண்டிவனத்தில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் டெஸ்டிங் வேலைக்குச் சேர்ந்தான். பாலிடெக்னிக் படித்தவன். அப்பா விழுப்புரம் பக்கம் கெடாரில் பிறத்தியார் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கியவர். ஆறு மாதம் பார்த்த பிறகு நிரந்தரம் என்பது பேச்சு.

கம்பெனியின் புதிய சரக்கு ஓர் அதிர்வுமானி. ஆலைகளில் சுழலும் பெரிய இயந்திரங்களின் நடுக்கத்தை அளந்து, எண்ணாக்கி, பிரிண்டரில் அடித்துத் தரும். உள்ளே சிக்னல் ப்ராசஸர் என்று ஒரு சிப். அந்தப் பெயரை முதலாளி கிருஷ்ணசாமி நாளைக்கு இருபது முறை சொல்வார். அது என்ன செய்யும் என்று அவரிடம் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

புரோகிராம் எழுதியவன் அவர் தங்கை மகன் நடராசன். பெங்களூரில் மூன்று மாதப் பயிற்சி பெற்றவன். வந்த நாளிலிருந்து திண்டிவனத்து வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தான்.

முதல் கருவியின் சோதனைத் தாளில் இருதயராஜ் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அடுத்த வாரமே நிரந்தரம் என்றார் முதலாளி.

மாறாத ஒரு சிக்னலைக் கருவிக்குக் கொடுத்தான். பதினொன்று காட்டியது. பிரிண்டரை ஓடவிட்டான். நாலரை. நிறுத்தினான். மறுபடி பதினொன்று.

"கேபிள்ல நாய்ஸ்," என்றான் நடராசன். மூன்று கேபிள் மாற்றினார்கள். நாலரை. "அப்ப எர்த் சரியில்ல." கொல்லையில் குழி வெட்டி உப்பும் கரியும் கொட்டினார்கள். பெருக்க வரும் கெங்கம்மாள் தினம் அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு.

"நானும் ஊத்திக்கினுதான் இருக்கிறேன். இன்னா வெதச்சீங்க, மொளைக்கவே மாட்டேங்குது?" என்றாள்.

நாலரைதான் முளைத்தது.

இருதயராஜ் புரோகிராமில் இரண்டு வரி சேர்த்தான். அளவெடுக்கும் ஒவ்வொரு முறையும் சிப்பின் சும்மா கிடந்த ஒரு காலில் ஒரு துடிப்பு வரும். எண்ணிப் பார்த்தான். விநாடிக்கு ஆயிரம் வர வேண்டும். பிரிண்டர் ஓடும்போது நானூற்றுச் சொச்சம்தான் வந்தது. அளவெடுக்கும் நேரமாகிவிட்டது என்று சிப்புக்கு குறுக்கீடு என்ற ஓர் அழைப்பு வரும். அடுத்த எழுத்தைக் கொடு என்று பிரிண்டருக்குப் போகும் சீரியல் லைனிலிருந்தும் ஒன்று வரும். நடராசன் சீரியலுக்கு முதலிடம் கொடுத்து, அது முடியும்வரை மற்றதை அடைத்து வைத்திருந்தான். ஏறக்குறைய அறுநூறு அளவீடு தவறிப்போனது. வந்ததைக் கூட்டி, சராசரிக்கு மட்டும் ஆயிரத்தால் வகுத்திருந்தான்; பதினொன்று நாலரையானது அப்படித்தான்.

"அத ஏன் சார் மொதல்ல வெச்சீங்க?"

"மாமாதான் பிரிண்டர் நிக்கக் கூடாதுன்னாரு. பார்ட்டி வந்தா சத்தம் கேக்கணுமாம்."

உண்மைதான். யார் வந்தாலும் அங்கே முதலில் பிரிண்டரைப் போடுவார்கள், பிறகுதான் நாற்காலி போடுவார்கள்.

"திருத்த எத்தினி நாளு?" என்றார் கிருஷ்ணசாமி.

"ரெண்டு வாரம்ங்க. பிரிண்டர் நின்னு நின்னு ஓடும்."

"நின்னா ரிப்பேருன்னுவான்யா. நாளைக்கு டெலிவரி. பேஜாரு பண்ணாத."

மறுநாள் விழுப்புரத்துக்கு அப்பால் ஒரு சர்க்கரை ஆலைக்கு மூவரும் கருவியோடு போனார்கள். தலைமை இன்ஜினியர் முத்துசாமி டர்பைனருகே நின்றார். அளவு ஏழைத் தாண்டினால் டர்பைன் வெடித்துச் சிதறலாம், உடனே நிறுத்த வேண்டும் என்பது ஆலையின் விதி. பிரிண்டர் இங்கேயும் நாலரை, நாலரை என்று அடித்துத் தள்ளியது. இருதயராஜ் கையை நீட்டி பிரிண்டரை நிறுத்தினான். கருவியின் கண்ணாடியில் எண் ஏறி, பதினொன்றில் நின்றது.

"சார், இதுதான் நெசம்," என்று விஷயத்தைச் சொன்னான்.

முத்துசாமி கண்ணாடியைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

"நிறுத்தினா அரவை போச்சு. கரும்பு வண்டி கண்டாச்சிபுரம் வரைக்கும் நிக்கும்." பிறகு சொன்னார்: "பிரிண்டரப் போடுங்க. ஃபைல்ல போறது பேப்பர்தானே?"

"சிக்னல் ப்ராசஸர் சார்," என்றார் கிருஷ்ணசாமி பெருமையாக.

சோதனைத் தாளை நீட்டினார். இருதயராஜ் 'பிரிண்டர் ஓடும்போது அளவு தவறு' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டான். அவன் வீரன் அல்ல. எழுத்து எறும்பளவுதான் இருந்தது. கிருஷ்ணசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் படித்தார்.

"இன்னாய்யா இது?"

"கையெழுத்துங்க."

தாளைக் கிழித்தார். நடராசன் பையில் வேறு தாள் இருந்தது. நடராசனே கையெழுத்துப் போட்டான்.

"உனக்கு வூடு கிட்டதானே? இப்பிடியே போயிடு. திண்டிவனம் வரவேணாம்."

போனான். பின்னால் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் திரும்பிப் பார்த்தான். முத்துசாமி டர்பைனை விட்டு நன்றாகத் தள்ளிப்போய் நின்று தாளைப் படித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுகிற ஆள் மட்டும் டர்பைனருகே குனிந்திருந்தான்.