சிவப்புப் பூ வந்த வருடம்

பூசாரி அந்த இலைப் பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே செவ்வரளி இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சிவப்பு என் கண்ணை விட்டுப் போகவில்லை. பெரியம்மா கூப்பிய கையை இறக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கோயிலுக்கு வெளியே யாரோ பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை உள்ளே வந்து எல்லாருடைய கண்ணையும் கரித்தது. அதனால் அவர் அழுதாரா இல்லையா என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மில் குடும்பத்தின் அறக்கட்டளையில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேர்ந்தேன். மில் முதலாளி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவருடைய மனைவிதான் அறக்கட்டளையை நடத்தினார். அவரை மில்லில் எல்லாரும் பெரியம்மா என்றே அழைத்தோம். ஒரு காலத்தில் மில் மூழ்கிப்போகும் நிலைக்கு வந்தபோது, பிழைத்துவிட்டால் லாபத்தில் ஒரு பங்கு உனக்கு என்று முதலாளி குலதெய்வத்திடம் வேண்டிக்கொண்டாராம். மில் பிழைத்தது. அம்மனுக்கு அவ்வளவு பணம் எதற்கு என்று கோயில்காரர்களே கேட்க, அப்படியானால் யாருக்குக் கொடுப்பது என்பதையும் அவளே சொல்லட்டும் என்று முதலாளி பூ கேட்டார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் ஒன்றுபோல மடித்து அம்மன் காலடியில் வைத்து, கோயிலுக்கு வந்திருக்கும் ஏதாவது ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. பெண் எடுப்பதற்கும் கிணறு வெட்டுவதற்கும் மற்றவர்கள் பூ கேட்டார்கள். இவர்கள் தர்மத்துக்குக் கேட்டார்கள்.

அப்படி உத்தரவு வாங்கிய இடங்களுக்கு மட்டும்தான் வருடா வருடம் பணம் போகும். ஒரு பார்வையற்றோர் பள்ளி, ஒரு காசநோய் மருத்துவமனை, இரண்டு அநாதை விடுதிகள், ஓர் அன்னதானக் கூடம். வேறு யார் எழுதிக் கேட்டாலும், "எங்கள் அறக்கட்டளை முன்பே தேர்ந்தெடுக்கப்பட்ட நிறுவனங்களுக்கு மட்டுமே உதவும்" என்று பதில் போடுவது என் வேலை. அந்த வரியை என் விரல்கள் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும். நானோ சாமி விஷயத்தில் அரைகுறை. இரண்டு இலையை நம்பி இத்தனை பேருடைய சோற்றை முடிவு செய்வதா என்று உள்ளுக்குள் கடுகடுத்துக்கொள்வேன். சம்பளம் ஒழுங்காக வந்ததால் வெளியே சொன்னதில்லை.

துடியலூர் நர்ஸம்மாவுக்கும் அந்த வரியைத்தான் அனுப்பினேன். அவர் அதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை, நேரே வந்துவிட்டார். அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் சின்னச் சிலுவை. புத்தி பேதலித்துப்போய் வீட்டார் கைவிட்ட பெண்களை ஒரு வாடகை வீட்டில் வைத்துப் பராமரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனால் வேறு யாரும் வீடு தரவில்லை. யாரோ கொஞ்சம் நிலம் தருவதாகச் சொன்னார்கள், கட்டத்தான் வழியில்லை.

"மழைக்கு முந்தி எடம் கெடைக்காட்டி, பஸ் ஸ்டாண்டுலதாங்க உடோணும். அங்கிருந்துதான் பாதிப் பேரைக் கூட்டிட்டு வந்தேன்" என்றார் நர்ஸம்மா. குரலில் அழுகை இல்லை. அதுதான் கேட்பதற்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

பெரியம்மா அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தார். முதலாளி இறந்த பிறகு புதிதாக யாருக்கும் பூ கேட்டதில்லை. கேட்கலாமா என்பதே யாருக்கும் தெரியாது. "நானு அம்மங்கிட்டக் கேட்டுப் பாக்கறேனுங்க. நீங்களும் உங்க சாமிகிட்டச் சொல்லி வையுங்க" என்றார். நர்ஸம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோயிலுக்குக் காரில் போனோம். பெரியம்மா, அறக்கட்டளையில் பொறுப்பில் இருந்த அவருடைய கொழுந்தனார், நான். வழியெல்லாம் பெரியம்மா அந்த வீட்டை எப்படிக் கட்டவேண்டும் என்றே பேசிக்கொண்டு வந்தார். ஜன்னல் தாழ்வாக வேண்டும், முற்றத்தில் வேப்பமரம் வேண்டும். வெள்ளைப் பூ வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அன்றைக்கு எனக்கும் இல்லை. கோயிலில் யாரோ ஒரு பெண்குழந்தை பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்து, யோசிக்காமல் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு ஓடியது. பூசாரி பிரித்தார், சிவப்பு.

"பாத்தீங்களா அண்ணி, வேத்து மதத்து ஆளுன்னு அம்மனுக்கே தெரிஞ்சுபோச்சு" என்றார் கொழுந்தனார்.

பெரியம்மா திரும்பினார். "அம்மன் பூத்தான் குடுத்துது. காரணம் சொல்லலீங்க. நீங்களா ஒண்ணைச் சொல்லாதீங்க."

அவர் முகத்தைப் பார்த்த பூசாரிக்கே மனம் கேட்கவில்லை. "வேணும்னா இன்னொருக்கா வெச்சுப் பாக்கலாமுங்க" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. சரி என்று சொல்லிவிடுங்கள், ஒரே ஒரு வார்த்தை என்று மனதுக்குள் கெஞ்சினேன். பெரியம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "நமக்குப் புடிச்ச பதில் வாரவரைக்கும் கேக்கறதுன்னா, கேக்காமயே இருந்திருக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு விபூதியை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் வந்து சேரும்வரை அவரோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

வழக்கமான பதிலை அடிக்கட்டுமா என்று மறுநாள் கேட்டேன். கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டிருப்பேன். "வேண்டாம் அம்மணி, நானே போய்ச் சொல்றேன்" என்று என்னையும் அழைத்துக்கொண்டு துடியலூர் போனார். நர்ஸம்மா செய்தியைக் கேட்டு, "சரிங்கம்மா" என்றதோடு சரி, உள்ளே போய் டீ போட்டு எடுத்து வந்தார். எதிரே ஒரு பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தலை சிக்குப் பிடித்துக் கயிறாக முறுக்கிக்கிடந்தது. பெரியம்மா டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய் அவளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, விரலாலேயே சிக்கெடுக்க ஆரம்பித்தார். அந்தப் பெண் முதலில் உறுமினாள், கையைத் தட்டிவிட்டாள். "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எழுந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது.

வாசலில் செருப்பை மாட்டும்போது, "அம்மன் பணத்தைத்தானே வேண்டாம்னுது? என்னைய வேண்டாம்னு சொல்லலியே" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. "என்ற ஊடு எனக்கு எங்கப்பன் குடுத்தது. மில்லுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க. நாளைக்கே எல்லாத்தையும் கூட்டிட்டு வந்துருங்க" என்று நர்ஸம்மாவிடம் சொன்னார்.

அது மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த பழைய ஓட்டு வீடு. பெரியம்மா அங்கேதான் வாழ்ந்தார். மழை வருவதற்கு முன்பே அந்தப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். அந்த வீட்டுக்காகப் பெரியம்மா கொடுத்த விலை சின்னதல்ல. பொங்கலுக்கு மகன்கள் மட்டும் வந்து வாசலோடு பார்த்துவிட்டுப் போனார்கள். மருமகள்கள் பேரக்குழந்தைகளை அனுப்பவில்லை. இரைச்சலும் நாற்றமும் உள்ள இடத்துக்கு யார் அனுப்புவார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. பேரன் எப்படி இருக்கிறான், இப்போது எந்த வகுப்பு என்று என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார். பக்கத்தில் இருக்கும் பேரனை அடுத்தவரிடம் விசாரிக்கும்படி ஆகிவிட்டது. அவர் தினமும் காலையில் தலைக்குத் தேய்க்க அரப்புத்தூளும் எண்ணெயும் எடுத்துவைத்துக்கொண்டு வரிசையாகத் தலை அலசி வாருவார். வீட்டை நர்ஸம்மா பெயருக்கு எழுதிவைத்துவிட்டு, அந்தப் பெண்களின் நடுவிலேயே கண்ணை மூடினார். அன்று வெள்ளைப் பூ வந்திருந்தால் ஒரு செக் போயிருக்கும், ஒரு கட்டடம் வந்திருக்கும், வாசல் கல்லில் முதலாளியின் பெயர் இருந்திருக்கும், பெரியம்மா பேரனை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருப்பார். எது மேல் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

இப்போது அந்தப் பேரன்தான் அறக்கட்டளையைப் பார்க்கிறார். அலுவலகம் நகருக்குள் போய்விட்டது. பூ கேட்பதை நிறுத்திவிட்டார்கள், ஒரு குழு கூடித் தேர்ந்தெடுக்கிறது. போன ஐப்பசியில் அவர் எனக்குப் போன் செய்தார். அந்த வீட்டையும் சேர்த்துக்கொள்ளக் குழு முடிவு செய்துவிட்டதாம், நர்ஸம்மாவிடம் நான் சொல்லவேண்டுமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. ஓடு உடைந்து கூடம் முழுக்க ஒழுகியது. பெண்கள் கட்டில்களைச் சுவரோரம் இழுத்துப்போட்டு ஒண்டிக்கொண்டிருந்தார்கள். நர்ஸம்மாவுக்கு வயதாகி நடை தளர்ந்துவிட்டது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"வேண்டாம்னு சொல்லிருங்க அம்மணி" என்றார். "அந்தப் பணத்தை நான் தொடக்கூடாதுன்னுதான் அம்மா எங்ககூட இங்க உக்காந்தாங்க. இன்னைக்கு நான் கைநீட்டி வாங்கிப்போட்டா, அவங்க பேரனைப் பாக்காம இருந்ததெல்லாம் என்னத்துக்குங்க?"

எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மாவுக்கு ஏற்ற ஜோடிதான் என்று திட்டிக்கொண்டே அந்தக் கூடத்திலிருந்தே பேரனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

"ஏனுங்கம்மா, அவங்க கிறிஸ்டியன்தானுங்களே? நம்ம அம்மன் பூவுமேல அவங்களுக்கு நம்பிக்கை இருக்குதுங்களா?"

"அம்மன்மேல இருக்குதான்னு தெரியலீங்க தம்பி. உங்க அப்பத்தா மேல இருக்குதுங்க."

ஞாயிற்றுக்கிழமை தான் வந்தால் அங்கே செய்வதற்கு என்ன வேலை இருக்கும் என்று பேரன் கேட்டார்.

ஓடு மாற்றத் தெரியுமா என்று கேட்டேன்.