காய்ந்த பை

என் கணவருக்கு மலையில் நடக்கிற பைத்தியம். தேயிலைத் தொழிற்சாலையில் லீவு கிடைத்தால் போதும், முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கூடவே நானும் போக வேண்டும். போவதில்கூட எனக்குக் கஷ்டமில்லை. வீடு திரும்பிய பிறகுதான் என் பாடு. எங்கள் ஊர் அரவேணுவில் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு கைக்குட்டை காயவே வாரம் பிடிக்கும். பை, போர்வை, காலுறை எல்லாவற்றையும் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்துவிட்டு, புகை நாற்றம் அடிக்கிறது என்று அவரிடமே பேச்சும் வாங்க வேண்டும். அலுத்துப்போயிருந்தேன்.

கடையில் பை வாங்கும்போது அவர் எத்தனை அறை, தோளுக்கு எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று பார்ப்பார். நான் ஒன்றுதான் பார்ப்பேன், நனைந்தால் எப்போது காயும் என்று. மெத்தென்று இருப்பதெல்லாம் தண்ணீரைக் குடிக்கும். தை மாதப் பனிக்குக் கம்பளி போதும், மழைத் துணி வேண்டாம். ஆடியில் அப்படியே தலைகீழ். அந்த ஆடியும் மலை முழுக்க ஒன்றல்ல. மலைக்கு மேற்கே குந்தாப் பக்கம் கொட்டித் தீர்க்கும்போது எங்கள் பக்கம் வெயிலும் காற்றும்தான். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லோரும் சொந்த வாசலில் நின்று வானத்தைப் பார்த்துத்தான் பை கட்டுவார்கள்.

ஓர் ஆடியில் குந்தாப் பக்கத்துப் பிக்கட்டிக்கு மேலே நடக்கக் கிளம்பினோம். அவருக்கு அப்போதே மூச்சிழுப்பு உண்டு. நனையவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொழுந்து பறிக்கிற பெண்கள் போர்த்திக்கொள்வார்களே, உர மூட்டையின் உள்ளே வருகிற பிளாஸ்டிக் உறை, அதை இருவருக்குமாக எடுத்து வைத்தேன். அவர் பிடுங்கி வெளியே போட்டார்.

"வெயில் இப்படி அடிக்குது, இது எதுக்கு புள்ள? இன்னொரு ஸ்வெட்டர் வெய்யி."

"ஏனுங்க, அந்தப் பக்கம் இப்படி இருக்காதுங்க."

"நாலு மலை தாண்டுனா வானமா மாறிப்போகும்?"

மாறித்தான் போனது. பிக்கட்டி தாண்டியதும் பிடித்த மழை விடவேயில்லை. ஸ்வெட்டர்கள் நனைந்து கல்லாய்க் கனத்தன. ஒதுங்க ஓர் இடமில்லை. பையை நான் வாங்கிக்கொண்டேன். பஸ் வரும் இடத்துக்கு வருவதற்குள் அவருக்கு மூச்சு விசிலடித்தது. எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து அழுகை வந்தது.

அதோடு நடை நின்றது. மலை ஏறவே கூடாது என்றார் டாக்டர். அடுப்புக்கு மேலே இருந்த கொடி காலியானது. இத்தனை வருஷம் நான் கேட்ட ஓய்வு இதுதான். இப்படிக் கேட்கவில்லை.

பரணில் கிடந்தால் பூசணம் பிடிக்கும் என்று தை வெயிலில் மட்டும் பையை எடுத்து வெளியே கொடியில் போடுகிறேன். இந்தத் தையில் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் வருவதற்குள் எழுந்து தோளில் மாட்டியிருந்தார். வெறும் பைதான். அதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"ஆடிக்கு ஒருக்கா போலாமா புள்ள? பிளாஸ்டிக்க வேணா எடுத்துக்கலாம்."

பையைக் கழற்றி வாங்கிக்கொண்டேன்.

"இன்னும் ஈரமா இருக்குதுங்க. காயட்டும்" என்று மறுபடியும் கொடியில் போட்டேன். பை காலையிலேயே காய்ந்துவிட்டிருந்தது.