பிரேக் போட்ட கையெழுத்து

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்பவர்கள் அவனை 'பிரேக்' என்றுதான் கூப்பிடுவார்கள். கரண்ட் போனால் லிஃப்டின் பிரேக் கப்பென்று பிடித்துக்கொள்ளும், யாராவது கையால் விடுவித்தால்தான் நகரும். இவனை விடுவிக்க இன்னும் ஒரு கை பிறக்கவில்லை. கோளாறு ஆறாவது மாடிக் கதவில் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், மோட்டாரே புகைந்தாலும் அந்தக் கதவைத்தான் கழற்றுவான்.

குடித்தனமும் அப்படித்தான். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்ற சண்டையில் வாரக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்தவன். பொண்டாட்டி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மகளோடு கிளம்பினாள், விவாகரத்து வாங்கினாள், ஒரு மருந்துக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இவனிடம் வருவாள். அன்றைக்கு மட்டும்தான் சவரம் செய்துகொள்வான்.

மருந்துக்கடைக்காரர் அவளைச் சட்டப்படி தன் மகளாகத் தத்தெடுக்க ஆசைப்பட்டார். அதற்குப் பெற்ற அப்பன் தன் உரிமையை விட்டுத்தர வேண்டும். மிரட்டலுக்கோ ஆசைக்கோ பணிந்து அல்லாமல், அவனாக மனமுவந்து எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் அவன் பிள்ளையைக் கைவிட்டவன் என்று நிரூபிக்க வேண்டும். ஞாயிறு தவறாதவனை யார் அப்படிச் சொல்ல முடியும்? 'மாட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் வழக்கே கிடையாது. பிறந்ததிலிருந்து அவன் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையும் அதுதான்.

ஆனால் அவனைப் பழைய பொண்டாட்டிக்குத் தெரியாதா? புதுப் புருஷனுக்குப் பாடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். நான் தம்பி வீட்டில் இருந்த அன்று அவர் வந்தார்.

"நீங்க கையெழுத்துப் போட மாட்டீங்கன்னு சொன்னா. உங்களுக்கு விட்டுக்கொடுக்கவே வராதாம். சும்மா ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார் சாந்தமாக.

"யாரு சொன்னது வராதுன்னு? எங்க போடணும்?" என்றான் என் தம்பி.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "டேய், இது ஜன்னல் இல்லடா. உன் பொண்ணு!"

"சொன்னா சொன்னதுதான்க்கா."

வழக்கு வந்தது. நீதிபதி அம்மா எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, தம்பியிடம் நிதானமாகச் சொன்னார். "உத்தரவு போட்டதும் நீங்க அந்தப் பொண்ணுக்கு அப்பா இல்லை. பார்க்கற உரிமைகூட இருக்காது. அப்புறம் அழுதாலும் செல்லாது. வேண்டாம்னா எழுதிக் கொடுத்ததை இப்பவே திரும்ப வாங்கிக்கலாம்."

மகள் விவரம் தெரிந்த வயசு என்பதால் அவளையும் கேட்டாக வேண்டும். வெளியே இருந்தவளை உள்ளே கூப்பிட்டு, தத்துக்குச் சம்மதமா என்றார். இவன் கையெழுத்துப் போட்டதை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அவள் சிரித்தேவிட்டாள்.

"எங்க அப்பா இதுக்கெல்லாம் ஒத்துக்க மாட்டாரு மேடம். டிவி ரிமோட்டையே விட்டுக்கொடுக்க மாட்டாரு, என்னையா விட்டுக்கொடுப்பாரு?"

அவளைப் பெற்றவள் தலையைக் குனிந்துகொண்டாள். நீதிபதி தம்பியைப் பார்த்து, "திரும்ப வாங்கிக்கறீங்களா?" என்றார்.

அவன் 'சரி' என்று சொல்லத்தான் போனான். வாயைத் திறந்தும்விட்டான். அப்போது பார்த்து அவன் கண் மருந்துக்கடைக்காரர் மேல் விழுந்தது. அவர் இதற்கெல்லாம் தயாராக வந்தவர் போல, அதே சாந்தத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"இல்லீங்க மேடம். நான் பேச்சு மாற மாட்டேன்."

மகளின் சிரிப்பு நின்றது. பிறகு நீதிபதி பக்கம் திரும்பி, "அப்போ எனக்கும் சம்மதம்" என்றாள்.

வராந்தாவில் என்னிடம் வந்து, "போறேன் அத்தை" என்றாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. அவனிடம் அந்த ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனாள். அவர்கள் படி இறங்கும்வரை நிமிர்ந்து நின்றவன், அப்புறம் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை எப்பவும் போலப் போய்க் கூட்டிட்டு வரலாம்லக்கா?"

கூடப்பிறந்தவன்தான், ஆனாலும் எனக்கு இரக்கமே வரவில்லை.

"அவ அப்பாகிட்ட கேட்டுப் பாரு" என்றேன்.