ஆரஞ்சு பட்ட கை

என் மாமியார் என்னோடு பேசியதைவிட எலிகளோடு பேசியது அதிகம். அதில் எனக்கு வருத்தமில்லை. எலிகள் எதிர்த்துப் பேசாது. ஓர் ஆய்வுக்கூடத்தில் வெள்ளைச் சுண்டெலிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பதினெட்டு வருடமாகத் தீவனம், தண்ணீர், கூண்டுக்கு மரத்தூள். வேலை நாளில் பவுடர், பூ, வாசனை சோப்பு எதையும் தொடமாட்டார்.

"அதுங்களுக்கு மூக்குதாம்மா கண்ணு" என்பார்.

நடந்துகொண்டிருந்த ஆய்வைப் பற்றித் தனக்குத் தெரிந்த மட்டும் சொல்லியிருக்கிறார். தாத்தா எலிகளுக்கு ஒரு வாசனையைக் காட்டிக் காட்டி, கூடவே காலில் லேசாக மின்சாரம் வைத்தார்கள். பிறகு அந்த வாசனை வந்தாலே அவை நடுங்கின. பேரக்குட்டிகளோ தாத்தாவைப் பார்த்ததுமில்லை, மின்சாரம் பட்டதுமில்லை. மரபணு அப்படியேதான் இருக்குமாம். அதன்மேல் ஒட்டிய சின்னக் குறிகள் அந்தப் பயத்தையும் பேரக்குட்டிகளுக்குச் சேர்த்து இறக்கிவிடுமா என்பதுதான் கேள்வி. என்ன வாசனை என்று மட்டும் மாமியாரிடம் சொல்லவில்லை. தெரிந்தால் எலிகளை அவர் கவனிக்கும் விதமே மாறிவிடுமாம்.

அன்று சாப்பாட்டோடு ஆரஞ்சு வைத்து அனுப்பியவள் நான். அதை உரித்த கையாலேயே கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனார். கூண்டைத் திறந்ததும், தினமும் ஓடிவரும் பேரக்குட்டிகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒடுங்கின. அடுத்த கூண்டிலும் அப்படியே.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மனுஷிக்கு அது வராது. நேரே ஆய்வாளரிடம் போய்ச் சொன்னார்.

"ஆரஞ்சா?" அவர் தலையில் கைவைத்துக்கொண்டாராம். "சோதனை அன்னிக்குத்தாம்மா அந்த வாசனை முதல் தடவையா படணும். இனிமே இந்த நாப்பதும் உதவாது."

கேட்ட கேள்விக்குக் குட்டிகள் பதில் சொல்லிவிட்டனவே என்று எனக்கு இன்றும் ஆத்திரம். ஆனால் பார்த்தது கேமரா இல்லை, என் மாமியார்; அது கணக்கில் வராதாம்.

"உதவாட்டி என்ன சார், நான் வளர்த்துட்டுப் போறேன்."

"ரூல்ஸ் விடாது. சாயங்காலத்துக்குள்ள வாயுப் பெட்டியில வச்சு முடிச்சுடுங்க."

"வேற யாராவது..."

"உங்களத் தவிர யார்கிட்டம்மா அதுங்களுக்குப் பழக்கம்?"

மூன்று முறை கை கழுவி, புதுக் கையுறை போட்டுக்கொண்டு போனாராம். அதுவரை சொல்லிவிட்டு, வீட்டுக் குழாயடியில் மறுபடியும் கை கழுவப் போய்விட்டார். பாவி, நான்தான் விடாமல் கேட்டேன்.

"வாசனை போயிருச்சுல்ல" என்றார். "ஒண்ணுகூட ஓடல. நாப்பதும் ஒவ்வொண்ணா, தானா வந்து என் உள்ளங்கையில ஏறிக்கிச்சு."