நைனா பாய் மாட்டியது புது பெல்ட்

என் கையெழுத்தை முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி மேலே ஏறும், அடுத்த வரி கீழே இறங்கும். அறுபத்தொன்பது வயதில், போன வருஷம்தான் நம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதக் கற்றுக்கொண்டேன். நம் வகுப்பின் வாரத் தாளுக்கு இதை எழுத நான்கு நாட்கள் ஆயின. அதில் எனக்கு வருத்தமில்லை. ஒவ்வொரு வரி முடிந்ததும் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, இது என் கை எழுதியதுதானா என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் எழுத உட்காரவைத்தது கோபம்.

நைனா முகம்மது பாய் இறந்த செவ்வாய்க்கிழமை காலை, நான் இந்தக் கலிபோர்னியா டப்ளினில் எங்கள் வீட்டு வாசலில் டிபன் டப்பாவோடு நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். தினமும் எட்டரைக்கு அவருடைய பிக்கப் வண்டி வரும். என்னை ஏற்றிக்கொண்டு லிவர்மோரில் இருக்கும் அவர் பட்டறைக்குப் போகும். அன்று ஒன்பதேகால் ஆகியும் காணோம். மகன் ஆபீசிலிருந்து போன் செய்தான். "அப்பா, உள்ள போய் உக்காருங்க. பாய் வரமாட்டார்" என்றான். என்னை ஏற்ற வருவதற்கு முன் பட்டறைக் கதவைத் திறந்தவர் அங்கேயே சாய்ந்துவிட்டாராம். ஐம்பத்தாறு வயது. முக்கால் மணி நேரம் திட்டிய வாயை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அவர் அதிராம்பட்டினத்துக்காரர். நான் நாமக்கல்லில் லாரிகளுக்குச் சுமை ஏற்றியவன். "வீட்ல டிவிய பாத்துக்கிட்டுக் கெடக்கிறதுக்கு இங்க வந்து எனக்குப் பேச்சுத் துணையா இருங்கண்ணே" என்று கூப்பிட்டார். புல் வெட்டும் மெஷின், மோட்டார் சைக்கிள் எல்லாம் பார்ப்பார். குளிர் தொடங்கினால் ஸ்னோமொபைல்கள் வரும். பனிமலையில் ஓடும் வண்டி அது. சக்கரம் கிடையாது, அடியில் அகலமான ரப்பர் பட்டை சுற்றும். எஞ்சின் பக்கம் ஒரு கிளட்ச், பட்டைப் பக்கம் ஒரு கிளட்ச், நடுவில் ஒரு பெல்ட். அந்த பெல்ட் போனால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும்.

ஒரு முறை பெரிய தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். வண்டி கிளம்பும்போது உதறுகிறது, வேறு கடையில் இரண்டு கிளட்சையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள் என்று புலம்பினார். பாய் தலையை மட்டும் ஆட்டினார். பெல்ட்டைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, கட்டைவிரலால் ஒரு சுற்று தடவினார். மோந்து பார்த்தார். பிறகு கிளட்ச் முகத்தை வெள்ளைத் துணியால் துடைத்தார். துணியில் எண்ணெய். யாரோ எண்ணெய்க் கையோடு பெல்ட் மாட்டியிருக்கிறார்கள். சுத்தம் செய்து வேறு பெல்ட் போட்டதும் வண்டி பூனை மாதிரி கிளம்பியது. அந்த ஆள் போன பிறகு என்னிடம் சொன்னார்: "வண்டிக்காரர் சொல்றத நான் கடைசிலதான் கேப்பேன். அவங்க அவங்களுக்குச் சாதகமாத்தான் சொல்வாங்க. பெல்ட் யாருக்கும் சொந்தக்காரன் இல்ல."

எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது, ஆனால் பெல்ட் படிக்கக் கற்றுத் தந்துவிட்டார். பக்கங்கள் கண்ணாடி மாதிரி பளபளத்தால் வழுக்கியிருக்கிறது. ஓரம் நார் நாராகப் பிரிந்தால் இரண்டு கிளட்சும் நேர்கோட்டில் இல்லை. ஒரே ஓர் இடம் மட்டும் கரண்டியால் வழித்த மாதிரி மெலிந்திருந்தால், கீழே பட்டை பனியில் உறைந்து ஒட்டியிருக்கும்போது ஓட்டியவர் ஆக்சிலேட்டரை அமுக்கியிருக்கிறார். பெல்ட் நின்ற இடத்தில் நிற்க, எஞ்சின் கிளட்ச் மட்டும் சுற்றி அதைத் தீய்த்துவிடும். இந்தக் கடைசிக் குறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புது பெல்ட் வந்தால் வெந்நீரில் சோப்புப் போட்டுத் தேய்த்துத்தான் மாட்டுவார். அச்சிலிருந்து வரும்போதே அதன்மேல் ஒரு வழுக்கல் இருக்குமாம். "புதுசை எதுக்கு பாய் குளிப்பாட்டுறீங்க?" என்று கேட்டேன். "பொறந்த பிள்ளைய குளிப்பாட்டாமலா தொட்டில்ல போடுவீங்க?" என்றார். அன்று முதல் அந்த வேலை எனக்கு.

போன குளிர்காலத்தில் நம் ஸ்ரீதர் தம்பி ஒரு பழைய ஸ்னோமொபைல் வாங்கிக் கொண்டுவந்தார். பாய் கிளட்ச் இரண்டையும் சரிபார்த்துப் புது பெல்ட் போட்டார். அந்த பெல்ட்டை உறையிலிருந்து பிரித்து, வாளியில் கழுவி, துடைத்துக் கொடுத்தவன் நான். இன்னொரு பெல்ட்டையும் அவசரத்துக்கென்று எஞ்சின் மூடிக்கு உள்ளே கட்டிவைத்தார். கிளம்பும்போது சொன்னார்: "காலைல எடுத்ததும் அமுக்கிடாதீங்க தம்பி. பட்டை ஒட்டியிருக்கும். பின்பக்கத்தத் தூக்கி ரெண்டு தடவ உதறிட்டு அப்புறம் எடுங்க." தம்பி செல்போனில் பேசிக்கொண்டே, "ஷ்யூர் பாய், ஷ்யூர்" என்றார். அவர் கேட்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

தாஹோ பக்கம் மலையில் பெல்ட் அறுந்தது. தம்பியும் அவர் மகள் நித்யாவும் நான்கு மணி நேரம் பனியில் நின்றார்கள். மீட்க ஆள் வந்த பிறகுதான் உயிர் வந்தது. திரும்பி வந்ததும் அறுந்த பெல்ட்டைப் பட்டறை மேஜைமேல் எறிந்தார். "பழைய பெல்ட்ட துடைச்சு மாட்டிக் குடுத்துருக்கீங்க பாய். என் பொண்ணு ஃப்ரீஸ் ஆயிருப்பா."

"நான் கட்டிக் குடுத்த இன்னொரு பெல்ட் எங்க தம்பி?"

"கேமரா பேக் வைக்க இடம் இல்ல. வேன்ல வச்சுட்டேன். அதுவா இப்ப மேட்டர்?"

தம்பி போன பிறகு பாய் பெல்ட்டைத் திருப்பித் தடவி என்னிடம் நீட்டினார். அறுந்த இடத்தில் இரண்டு பக்கமும் வழித்தெடுத்த மாதிரி மெலிந்து தீய்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் புதுசு.

நான் கத்தினேன். போய்ச் சொல்லுங்கள், எல்லோருக்கும் காட்டுங்கள் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் பொண்ணு நாலு மணி நேரம் அப்பன் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் தாங்கிருக்கும். அந்தக் கைதான் இத பண்ணுச்சுன்னு நான் போய்ச் சொல்லணுமாண்ணே?"

"அப்ப உங்க பேரு?"

"அது பெல்ட்ல இருக்கு. எடுத்து ஆணில மாட்டுங்க."

மாட்டினேன். ஆனால் ஸ்ரீதர் தம்பி எல்லோருக்கும் இமெயில் அனுப்பினார். நம் வீடுகளிலிருந்து ஒரு புல் வெட்டும் மெஷின்கூட அந்தப் பட்டறைக்கு வரவில்லை. மளிகைக் கடையில் பாயின் மனைவியிடம், "உங்க வீட்டுக்காரர் பழசையா மாட்டினார்?" என்று கேட்டவர்களும் இதைப் படிப்பீர்கள். பாய், உங்கள்மேலும் எனக்குக் கோபம்தான். ஊரார் பெல்ட்டையெல்லாம் பேசவிட்டீர்கள். உங்களுடையதை ஆணியில் தொங்கவிட்டீர்கள்.

போன சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அதே அறையில் அஞ்சலிக் கூட்டம். ஸ்ரீதர் தம்பி மைக்கைப் பிடித்தார். "பாய் ரொம்ப நல்ல மனுஷர். மிஸ்டேக் எல்லாரும் பண்றதுதான். என் பொண்ணு விஷயத்துல நடந்ததுக்கு நான் அவர எப்பவோ மன்னிச்சுட்டேன்" என்றார். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். முன்வரிசையில் பாயின் மனைவி தலை குனிந்திருந்தார். நான் எழுந்தேன். மைக்கைத் தாண்டி வாசலுக்கு நடந்தேன். வீட்டுக்குப் போய்ப் பென்சிலைச் சீவினேன்.

வண்டிக்காரர் சொன்னதை நாம் முதலில் கேட்டோம். கடைசிவரை அதை மட்டுமே கேட்டோம்.

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த பெல்ட். பட்டறையைக் காலி செய்தபோது அவர் மனைவியிடம் கேட்டு வாங்கி வந்தேன். இப்போது எங்கள் கராஜில் ஆணியில் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் வந்து தடவிப் பார்க்கலாம். எங்கே தடவ வேண்டுமென்று மேலே எழுதியிருக்கிறேன்.

தம்பி ஸ்ரீதர், இந்த வாரத் தாளை ஆபீசில் ஜெராக்ஸ் எடுத்து வருவது நீங்கள்தான். எல்லோருக்கும் முன்னால் இதைப் படிக்கப்போவதும் நீங்கள்தான். இன்று புதன்கிழமை. வகுப்பில் நித்யா என் பக்கத்தில்தான் உட்காருகிறாள், என்னைவிட வேகமாகப் படிக்கிறாள். சனிக்கிழமை தாளில் படிப்பதற்கு முன்னால் உங்கள் வாயால் கேட்டுவிட்டால் அவளுக்கு நல்லது. பாய் உங்களிடம் சொன்ன மாதிரி நானும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். இந்த முறை கேளுங்கள்.

மற்றவர்களே, இது உங்கள் கைக்கு வந்திருந்தால் தம்பி வீட்டில் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை ஒரு வார்த்தையும் கேட்காதீர்கள். பாய்க்குப் பிடிக்காது. பாயின் மனைவியைப் போய்ப் பாருங்கள், அது போதும்.

தாள் வரவில்லை என்றால் அடுத்த வாரம் மறுபடியும் எழுதுவேன். முதல் பிரதி பாயின் மனைவிக்கு. பிறகு வகுப்புக்கு வரும் நாற்பது வீட்டுக்கும் ஒவ்வொன்றாக, கையாலேயே. ஒரு பிரதிக்கு நாலு நாள் ஆகும். ஆகட்டும். எட்டரைக்கு என்னை ஏற்றிக்கொள்ள இப்போது எந்த வண்டியும் வருவதில்லை.