பாஸ் பெட்டி மேல் ஒரு பிடி குச்சி

இரண்டு டிரம் மாட்யூல்கள் அன்று என் கடை மேசையில் அக்கம்பக்கமாக இருந்தன. ரப்பர் தட்டில் ஸ்டிக்கால் அடித்தால் அந்த அடியைச் சத்தமாக்கித் தருவது இந்தப் பெட்டிதான். தொண்ணூறுகளின் கடைசி. கோவில்பட்டியில் ஒன்றை வைத்திருந்தவனே கிடையாது, நான் இரண்டை இறக்கியிருந்தேன். மதுரைக் கடைக்காரர் என் வாய்ச்சொல்லை நம்பிக் கொடுத்தவை. பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை மறுநாள் பஸ்ஸில் போட்டுவிட வேண்டும். மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சைக்கிள் கேரியரில் ஆம்ப்ளிஃபயரைக் கட்டிக்கொண்டு கடம்பூருக்கும் நாகலாபுரத்துக்கும் மிதித்தவன், மெல்லிசைக் குழு ஒன்றுக்கே முதலாளி ஆனேன். எவரும் சொல்லித் தரவில்லை. எந்த ஸ்பீக்கர் எவ்வளவு தூரம் கேட்கும் என்று பார்த்தே சொல்லிவிடுவேன். இன்றைக்கும் சொல்வேன்.

ஒரு மாட்யூல் புத்தம் புதுசு. அடித்தால் சத்தம் பளபளவென்று வந்து, கடைசியில் சினிமாக் கொட்டகை மாதிரி ஒரு எதிரொலியோடு முடியும். மற்றது கொஞ்சம் பழைய மாடல், கேட்க மந்தமாக இருந்தது. கீபோர்டு வாசிக்கிற தம்பி முதல் அடியிலேயே புதுசுதான் என்றான். பாடுகிறவர்களும் அதையே சொன்னார்கள். என் மனசும் அதில்தான் விழுந்திருந்தது. ஆனால் அடிக்கப் போகிறவர் எங்கள் டிரம்ஸ்கார அண்ணாச்சி. குழு தொடங்கிய நாளிலிருந்து என்னோடு இருந்தவர். அவர் எழுந்து அடுத்த காம்பவுண்டில் இருந்த தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய், மருந்து முக்காத வெறும் தீக்குச்சி ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தார்.

“என்ன அண்ணாச்சி, கச்சேரி இல்லாத நாளுக்குத் தீப்பெட்டி ஒட்டப் போறீயளா?” என்று தம்பி கேட்டான். எல்லாரும் சிரித்தோம். அண்ணாச்சி கண்டுகொள்ளவில்லை. அடிச்சத்தம் அதிர்கிற பாஸ் ஸ்பீக்கர் பெட்டியை மல்லாக்கக் கிடத்தி, அதன் முகத்துணிமேல் குச்சிகளைப் பரப்பி, புது மாட்யூலில் அடித்தார். மெதுவாக அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் குச்சிகள் ஒரே உயரம் எழும்பி, பொத்தென்று விழுந்து அப்படியே கிடந்தன. பிறகு வயரைப் பழசுக்கு மாற்றினார். மெல்லத் தட்டினால் குச்சிகள் சிலிர்த்தன. ஓங்கினால் துள்ளின. அடி முடிந்த பிறகும் எறும்பு ஊர்வது போலக் கொஞ்சம் நகர்ந்து, அப்புறம்தான் அடங்கின.

“நெசத் தோலு கட்டின டிரம்முன்னா இப்படித்தான் அடங்கும், மொதலாளி” என்றார்.

காதை வைத்துப் பிழைக்கிற அத்தனை பேரும் அந்தக் குச்சிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். புதுசின் பளபளப்பில் நாங்கள் ஏமாந்தது அப்போதுதான் உறைத்தது.

மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். அண்ணாச்சி குனிந்து குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பின்னால் நின்று, இது உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டேன். பதில் இல்லை. சத்தமாகக் கேட்டேன். அப்போதும் இல்லை. தோளைத் தொட்டேன். திடுக்கிட்டுத் திரும்பியவரின் கண் நேராக என் உதட்டுக்குப் போனது.

“காது அடைச்சு ரெண்டு வருசம் ஆச்சு, மொதலாளி. பெருஞ்சத்தம்னாத்தான் கொஞ்சம் தெரியும். உங்க வாயைப் பாத்துத்தான் பாட்டைப் பிடிக்கேன்” என்றார். குச்சிகளைக் கையில் சேர்த்துக்கொண்டே, “வெளிய சொல்லிராதீங்க. இந்த டிரம்ஸ் ஸ்டூலை விட்டா எனக்கு எங்கன உக்காரத் தெரியும்?”

நான் மேடை ஓரம் நின்று எல்லாப் பாட்டுக்கும் வாயசைப்பேன், அது என் பழக்கம். அவர் என் முகத்தையே பார்த்து வாசிப்பதை மரியாதை என்று ஊர் ஊராகப் பீற்றியிருக்கிறேன். ரெண்டு வருஷத்தில் எத்தனை கச்சேரி! ஒரு தாளம் பிசகவில்லை. சுருதி விட்ட பாடகனைப் பாதிக் கச்சேரியிலேயே வீட்டுக்கு அனுப்பியவன் நான். இரக்கம் பார்த்தால் குழு நடக்காது என்பது என் கொள்கை. அன்று அந்தக் கொள்கை வாய்க்கு வரவில்லை. அத்தனை வருஷமும் என் ஹாரன் ஸ்பீக்கரை அவர் காதுக்குப் பக்கத்தில் கட்டி, நம்ம செட்டு சத்தம் நாலு ஊருக்குக் கேட்கணும் என்று ஏற்றி வைத்தது யார்? நான்தானே.

புதுசைப் பஸ்ஸில் போட்டு அனுப்பினேன். அடுத்த முகூர்த்தத்துக்குப் பசுவந்தனையில் ஒரு கல்யாணப் பந்தல், பட்டப்பகல். ஒரு பாஸ் பெட்டியை மேடையில் கிடத்தி, இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, மேலே அகலப் பலகை போட்டு, அண்ணாச்சியின் ஸ்டூலை அதன்மேல் ஏற்றச் சொன்னேன்.

“அண்ணாச்சிக்கு மட்டும் சிம்மாசனமா?” என்றான் தம்பி.

“ஆமாலே. நீ உன் சோலியைப் பாரு” என்றேன்.

முதல் பாட்டு எடுத்ததும் பலகை அதிர்ந்தது. அண்ணாச்சி செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளங்காலை அழுத்தி வைத்தார். நான் வழக்கம்போல வாயை அசைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தார். பாட்டு முடிகிற வரைக்கும் திறக்கவே இல்லை.