மருமகளுக்கு வாங்கிய கார் சீட்

என் தங்கை மகளுக்குப் பேர் வைக்கும் நாளில் தாய்மாமன் சீராக நான் கொண்டுபோன வெள்ளி அரைஞாணையும் வசம்பு வளையலையும் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் நடுவில் இருந்த பெரிய அட்டைப்பெட்டியின் மேல்தான். பிரித்து வெளியே எடுத்து வைத்தபோது சின்னமனூர்ப் பெரியவர் ஒருவர் குனிந்து, சுற்றி வந்து பார்த்தார்.

"என்னப்பா இது, முடி வெட்டுற கடைச் சேரா?"

"காருல புள்ளைய உக்கார வைக்கிற சீட்டு, பெரியப்பா."

"அப்ப மாமன் மடி எதுக்கு இருக்காம்?"

பந்தலே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்பது உத்தமபாளையத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தங்கையைக் கட்டிக் கொடுத்த வீட்டில் கோபத்தைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

அந்தச் சீட்டை நான் நாகரிகத்துக்காக வாங்கவில்லை. எனக்குத் திராட்சைத் தோட்டம். தங்கை முழுகாமல் இருந்த சமயம், ஒரு கல்யாண வீட்டுக்குக் கொடுப்பதற்காகப் பன்னீர் திராட்சைப் பெட்டி ஒன்றைக் காரில் எடுத்துக்கொண்டு போனோம். பின்னால் துணிப் பைகள் இருந்ததால் பெட்டியை என் மனைவி முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டாள். பழம் நசுங்கிவிடக் கூடாது என்று இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். ஊருக்குள்தான் போய்க்கொண்டிருந்தோம், வேகம்கூட இல்லை. கன்றுக்குட்டி ஒன்று குறுக்கே ஓடியது. பிரேக்கை மிதித்தேன். கன்றுக்குட்டி தப்பித்து ஓடிவிட்டது. மனைவியை பெல்ட் பிடித்துக்கொண்டது. பெட்டியை யாரும் பிடிக்கவில்லை. அது டேஷ்போர்டில் மோதி உடைந்து, கண்ணாடி முழுக்கச் சாறு வழிந்தது.

மனைவி தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒன்றையேதான் நினைத்தோம். தங்கை வயிற்றில் இருந்த பிள்ளை பிறந்து, ஒரு வயதாகும்போது அந்தப் பெட்டியின் கனம்தான் இருக்கும். மறுவாரமே மதுரைக்குப் போய்ச் சீட்டை வாங்கினேன். கடையில் இருந்த பெண் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தது. சின்னப் பிள்ளைக்குத் தலை கனம், கழுத்துக்குப் பலம் கிடையாது. அதனால் பின் சீட்டில், வண்டியின் பின்பக்கம் பார்த்து, முதுகு முன்னால் இருக்கும்படி உட்கார வேண்டும். அந்தச் சீட்டுக்குச் சொன்ன எடையும் உயரமும் தாண்டும்வரை அப்படியே இருக்கட்டும் என்றது. முன்னால் ஏர்பேக் இருக்கிற சீட்டில் இப்படி வைக்கவே கூடாது என்று இரண்டு முறை சொன்னது.

சீர் முடிந்து ஒரு மாதம் கழித்துச் சின்னமனூரில் தங்கை வீட்டுக்குப் போனேன். கார் சீட் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. தங்கை மாமியார் தினமும் துடைத்து வைக்கிறாராம்.

"மாமன் சீரு. காருல வச்சா தூசி படிஞ்சு வீணாப் போயிரும் தம்பி" என்றார்.

நம் வீடுகளில் சீராக வந்த பொருளுக்கு இதுதான் கதி. வெள்ளிச் சங்கு பீரோவில் தூங்கும், பட்டுப்பாய் பரண்மேல் கிடக்கும். கார் சீட் மட்டும் எப்படித் தப்பும்? என் மருமகள் உட்காரப் பழகியதும் உறையைப் பிரிக்காமலே அதில் வைத்துத்தான் பருப்புச் சாதம் ஊட்டினார்கள். சிரித்துக்கொண்டே வாயைத் திறக்கும். ஊட்டி முடித்ததும் அதிலிருந்து தூக்கி, காருக்குக் கொண்டுபோய், முன் சீட்டில் தங்கை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கிளம்பும்முன் பிள்ளை டேஷ்போர்டைத் தட்டி விளையாடுவதை வீடியோ எடுத்து எனக்கே அனுப்புவார் மாப்பிள்ளை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணாடியில் வழிந்த சாறுதான் ஞாபகம் வரும்.

ஒருமுறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "இங்கன இருக்குற மார்க்கெட்டுக்குப் போறதுக்கு எதுக்கு மச்சான் புள்ளையக் கட்டிப் போடணும்?" என்று மாப்பிள்ளை சிரித்தார். நல்ல மனிதர். அதனால்தான் சண்டை போடவும் முடியவில்லை. திராட்சைப் பெட்டியின் கதையைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அதை எப்படிச் சொல்வது? வண்டியில் ஏறுகிறவர்களிடம் எங்கே போகிறீர்கள் என்றுகூடக் கேட்காத ஊர் இது. பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு 'கண்ணாடியில் மோதினால்' என்று ஒருவன் பேச்செடுத்தால், அவன் வாயைத்தான் முதலில் குறை சொல்வார்கள். அப்புறம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் என் நாக்குதான் காரணம் ஆகும். அதனால் விழுங்கிக்கொண்டே இருந்தேன்.

ஒரு வயது நெருங்கும்போது மொட்டை போட்டுக் காது குத்த நாள் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயில் ஜெயமங்கலம் பக்கம். சொந்தக்காரர்களுக்கு வேன், எங்களுக்குக் கார். காலையில் நான் போய்ச் சேர்ந்ததும் தடபுடலாக வரவேற்றார்கள். காரின் முன் கதவைத் திறந்து, "மாமன் உக்காருங்க" என்றார்கள். உட்கார்ந்தேன். பட்டுப்பாவாடை, தலையில் பூ, நெற்றியில் பெரிய பொட்டு என்று அலங்காரத்தோடு மருமகளைக் கொண்டுவந்து தங்கை என் பக்கம் நீட்டினாள். அவளுக்கு முகம் பூரித்துப்போய் இருந்தது. அப்பா இல்லாத வீட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறவன் நான்தான். என் மடியில் தன் பிள்ளை ஊர்வலம் போவதை ஊரே பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

நான் கையை நீட்டவில்லை.

"சீட்டு எங்கத்தா?" என்றேன்.

"எந்தச் சீட்டு?"

"நான் வாங்கிக் கொடுத்தது."

வேனில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். "மாமன் மடியில உக்காந்து போறதுதான தம்பி முறை" என்றார் தங்கை மாமியார். வேனுக்குள்ளிருந்து ஒரு குரல், "மாமனுக்குப் புள்ள பாரமா இருக்கும்போல" என்றது. கிண்டலாகத்தான் சொன்னார்கள். ஆனால் தங்கை முகம் சுருங்கிப்போனது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கோபம் வந்தால் கீழ் உதட்டைக் கடிப்பாள். அப்போதும் கடித்தாள்.

"ஏண்ணே, எம் புள்ளைய மடியில வச்சுக்க ஒனக்குக் கசக்குதா?"

அந்தக் கேள்வி என்னைக் குத்திவிட்டது. அதற்குப் பதில் அந்தத் திராட்சைப் பெட்டிதான். நல்ல நாளும் அதுவுமாக, குலசாமி கோயிலுக்குக் கிளம்புகிற வாசலில் நின்று அதைச் சொல்ல முடியவில்லை. கடைசியில் என் கோபம்தான் உதவியது. செருப்பை மாட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கி விடுவிடுவென்று ஹாலுக்குப் போய்ச் சீட்டைத் தூக்கி வந்து, எல்லோர் முன்னாலும் அந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்தேன். உறையின் மடிப்பில் காய்ந்த பருப்புச் சாதம் ஒட்டிக்கொண்டிருந்தது.

பின் சீட்டில் வைத்து, காரின் பெல்ட்டை அதற்கென்று இருந்த வழியில் நுழைத்து, முழங்காலை ஊன்றி அமுக்கி இறுக்கினேன். பிடித்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. மருமகளை உட்கார வைத்தால் பட்டுப்பாவாடை உப்பிக்கொண்டு நின்றது. அதன்மேல் வாரை மாட்டினால் இறுகின மாதிரி தெரியுமே தவிர இறுகியிருக்காது. "பாவாடையக் கழட்டு, கோயில்ல போயிக் கட்டிக்கலாம்" என்றேன். தங்கை சாதாரணக் கவுனை மாட்டிவிட்டாள். தோள் வாரை இறுக்கி, இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தேன். கிள்ள வரவில்லை. பிள்ளை ஊரே கேட்கும்படி அழுதது.

தங்கை மாமியார்தான் கடைசி அடி அடித்தார். "ஆத்தாடி, சாமிக்கு முதுகைக் காட்டிக்கிட்டா போகும் புள்ள?"

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதும் உண்மைதானே. ஜெயமங்கலம் போய்ச் சேரும்வரை என் மருமகள் சின்னமனூரைப் பார்த்துக்கொண்டுதான் வரும். சாமி கோபிக்காது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

பின்னால் சீட்டுக்கு ஒரு பக்கம் தங்கை, மறுபக்கம் நான். எனக்காகத் திறந்த முன் சீட்டில் தங்கை மாமியார் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, தேங்காய் பழக் கூடையைக் காலடியில் வைத்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை வண்டியை எடுத்தார். வீரபாண்டி தாண்டும்வரை பிள்ளை விட்டு விட்டு அழுதது. தேனி நெரிசலில் நின்று நின்று போனபோது அழுகை கூடிப்போனது. முகமெல்லாம் சிவந்து, பொட்டு கலைந்து, கையை அம்மா பக்கம் நீட்டியது. தங்கையால் பொறுக்க முடியவில்லை.

"போதும்ணே. எடுத்து மடியில வச்சுக்கிறேன்" என்று கொக்கியில் கை வைத்தாள்.

அவள் கைமேல் என் கையை வைத்தேன். "எடுக்காத."

"ஏன்? ஏன்னு சொல்லேன். காலையில இருந்து மொகத்தத் தூக்கி வச்சிருக்கியே, என்னன்னு சொன்னாத்தான தெரியும்?"

சொல்லிவிட்டேன். முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று குனிந்து, அவள் காதோடு, திராட்சைப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். மனைவி இரண்டு கையாலும் பிடித்திருந்ததை, கன்றுக்குட்டியை, கண்ணாடியில் வழிந்த சாறை. உன் பிள்ளையும் இப்போது அந்தக் கனம்தான் என்பதையும் சொன்னேன். சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அடிக்கப் போகிறாள், இல்லாவிட்டால் வாயைக் கழுவச் சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கொக்கியிலிருந்து கையை எடுத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்ல நாளில் கெட்ட வார்த்தை பேசிவிட்டான் என்று வெறுத்துவிட்டாள் என்றே நினைத்தேன். பெரியகுளம் ரோட்டில் போகும்போது பிள்ளை அழுது ஓய்ந்து, அந்தச் சீட்டிலேயே தலை சாய்ந்து தூங்கிவிட்டது. தங்கை இனி என்னிடம் பழையபடி இருப்பாளா என்பதுதான் யோசனையாக இருந்தது.

கோயிலில் புளியமரத்தடியில் மொட்டை போட உட்கார்ந்தோம். அங்கே மடி கொடுப்பதற்கு எனக்கு எந்தத் தடையும் இல்லை. சம்மணம் போட்டு, மருமகளை மடியில் இருத்தி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். சுற்றிலும் இரண்டு குடும்பத்துச் சனமும் நின்றது. தங்கை எதிரில் குத்தவைத்து, கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருந்தாள். மொட்டை போடுகிறவர் தலையைத் தண்ணீரால் நனைத்து, முன்பக்கத்திலிருந்து கத்தியை இழுத்தார். ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தினார்.

"இங்கன ஒரு பழைய தழும்பு இருக்கு. அசையாமப் புடிச்சுக்கங்க."

நெற்றிக்குச் சற்று மேலே, இதுவரை முடி மறைத்திருந்த இடத்தில், நகக்கீறல் அளவுக்கு வெள்ளையாக ஒரு கோடு.

"தழும்பா? இது எப்பப் பட்டுச்சு?" என்று தங்கை மாமியார் குனிந்து பார்த்தார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். கிலுகிலுப்பைச் சத்தம் நின்றுவிட்டது.

தங்கை அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"காருலண்ணே. நாயி குறுக்க வந்துச்சு, இவக பிரேக்கு போட்டாக. எம் மடியிலதான் இருந்தா. இறுக்கித்தான் புடிச்சிருந்தேன்." கிலுகிலுப்பையைக் கீழே வைத்தாள். "அன்னையில இருந்து அந்தச் சீட்டத் தூக்கி காருல வச்சிரணும்னுதான் இருக்கேன். வச்சா ஏன்னு கேப்பாக. கேட்டா, பெத்தவளுக்குப் புள்ளையப் புடிக்கத் தெரியலன்னு சொல்லுவாகள்ல. அதான் காலையில நீ கேட்டப்பவும் ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னேன்."

என் மடியில் பிள்ளை திமிறியது. அந்தச் சின்ன உடம்பை என் இரண்டு கையும் இறுக்கிப் பிடித்திருந்தன. இவ்வளவு நாளும் இதை ஒற்றையாகச் சுமந்திருக்கிறாளே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. தாய்மாமன் சபையில் அழக்கூடாது என்பார்கள், அழுதேன்.

"நீ நல்லாத்தான் புடிச்சிருப்பத்தா" என்றேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "யார் புடிச்சாலும் நிக்காது. இப்ப இந்தா மடியில வச்சிருக்கேனே, நான் புடிச்சிருந்தாலும் நின்னுருக்காது."

தங்கை மாமியார் தன் முந்தானையால் பிள்ளையின் நெற்றியை ஒற்றினார். கத்தியைப் பிடித்தபடி காத்திருந்தவர் மறுபடியும் தலையை நனைத்தார்.